மூணு நிமிஷத்துல அடங்காத கதை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுறேன். நானும் அப்பாவும் நல்லா இருக்கோம். அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கு. தீபாவளிப் பலகாரத்து மேல பழியைப் போட்டுட்டு, மிச்சம் இருந்த அதிரசத்தையும் காலி பண்ணிட்டாரு. மாடி ஓட்டை அடைச்சாச்சு. இந்த வருஷ மழைக்கு ஒழுகலை.

போன வாரம் போன்ல நீ கேட்டதுக்கு நான் சரியா பதில் சொல்லலை. "எங்க ஆபீஸ்ல ஒருத்தி இருக்காம்மா, அச்சு அசலா நம்ம லைட்னிங் பெரியம்மா. டூர் எங்கே போகணும், எந்தத் தேதி, யாரு யாரு பக்கத்துல உட்காரணும், எல்லாம் அவ வச்சதுதான் சட்டம். நான் வரலைன்னு சொல்லிட்டேன். நீ எப்படிம்மா 26 வருஷம் அந்தப் பெரியம்மாகூட வேலை பார்த்தே?"ன்னு கேட்டே. நான் "அது பெரிய கதைடி"ன்னுட்டு வச்சுட்டேன். எனக்குத்தான் போன்ல மூணு நிமிஷத்துக்கு மேல பேச வராதே. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல வெளியூர் காலை இணைக்கிற ட்ரங்க் போர்டுல உட்கார்ந்து, ஊரு உலகம் பேசுறதுக்கு நடுவுல புகுந்து, "மூணு நிமிஷம் ஆச்சு சார், எக்ஸ்டெண்ட் பண்ணவா?"ன்னு கேட்டுக் கேட்டு வளர்ந்த வாய் இது. வாட்ஸ்அப்ல காசே கிடையாதுன்னு நீ எத்தனை தடவை சொன்னாலும், மூணாவது நிமிஷத்துல யாரோ பிளக்கை உருவப்போற மாதிரியே இருக்கு. அதான் பேனாவை எடுத்துட்டேன்.

அவங்களுக்கு ஏன் லைட்னிங்னு பேருன்னு உனக்குச் சொல்லியிருக்கேனா? உன் தலைமுறைக்கு அந்த வார்த்தையே தெரியாது. அப்போ வெளியூருக்குப் பேசணும்னா எக்ஸ்சேஞ்சுக்குப் போன் பண்ணி கால் புக் பண்ணணும். நாங்க டிக்கெட் எழுதி வரிசையில வைப்போம். ஆர்டினரின்னா சாயந்திரம் கிடைச்சாலும் கிடைக்கும், மறுநாள் ஆனாலும் ஆகும். அர்ஜென்ட்னா ரெண்டு மடங்கு காசு, கொஞ்சம் முன்னாடி போகும். லைட்னிங்னா எட்டு மடங்கு. அது வந்தா மத்த டிக்கெட்டெல்லாம் ஒதுங்கி வழி விட்டுடணும். சாவு, ஆஸ்பத்திரி, பெரிய பிசினஸ்காரன், இப்படி யாராவதுதான் லைட்னிங் போடுவாங்க.

நான் 1978-ல வேலைக்குச் சேர்ந்தேன். அக்கா, அதான் உன் லைட்னிங் பெரியம்மா, எனக்குப் பன்னண்டு வருஷம் மூத்தவங்க. எதையும் நாளைக்குன்னு விடமாட்டாங்க. ஃபேன் ஓடலைன்னா அன்னிக்கே ஓடணும். புதுசா வந்த பொண்ணுக்குப் பிளக் போடத் தெரியலைன்னா, சாப்பாட்டு நேரத்துல கையைப் பிடிச்சு உட்கார வச்சு, தெரிஞ்ச பிறகுதான் டிபன் பாக்ஸைத் திறக்க விடுவாங்க. நாங்க சின்னப் பொண்ணுங்க நாலு பேர் சேர்ந்து வச்ச பேரு அது. "லைட்னிங் வருது, டிக்கெட்டை ஒதுக்கு"ன்னு கேலி பண்ணுவோம். நாலு நாள்ல அவங்க காதுக்கே போயிருச்சு. கோவிச்சுக்குவாங்கன்னு பயந்தோம். ஒரு நிமிஷம் எங்களையே பார்த்தாங்க. "சரி, இருந்துட்டுப் போகட்டும்"னாங்க. அவ்வளவுதான்.

இப்போ டூர் கதைக்கு வர்றேன். 1994. உனக்கு ஏழு வயசு.

மாசம் இருபது ரூபாய்னு பதினாலு பேர் சேர்ந்து ஒரு சீட்டுப் பிடிச்சோம், வருஷக் கடைசியில எல்லாரும் சேர்ந்து எங்கேயாவது போகணும்னு. கொடைக்கானல்னு ஒரு கட்சி, குற்றாலம்னு ஒரு கட்சி. அக்கா வந்து, "ராமேஸ்வரம். டிசம்பர் 23"ன்னாங்க. ஓட்டெடுப்பெல்லாம் கிடையாது. டிசம்பர்ல அந்தப் பக்கம் மழையும் காத்துமா இருக்குமே, பொங்கல் கழிச்சுப் போகலாம்க்கான்னு நான்தான் சொன்னேன். "டிசம்பர் 23"ன்னு மறுபடி சொன்னாங்க, எனக்குக் காது கேட்காத மாதிரி.

ஒரே நாள்ல பதினாலு ஆப்பரேட்டரை யாரு விடுவா? அக்கா ஒரு நோட்டுப் பேப்பர்ல கட்டம் போட்டு, யாரோட டூட்டியை யாரு பார்க்கணும்னு எழுதி, எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கி, சூப்பர்வைசர் டேபிள்ல வச்சுட்டாங்க. அவரால ஒரு ஓட்டைகூடக் கண்டுபிடிக்க முடியலை. எங்களுக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது, அந்த ஏற்பாட்டுக்குப் பதிலா நாங்க பதினாலு பேரும் பொங்கல் அன்னிக்கு டூட்டி பார்க்கிறதா எங்க சார்புல வாக்குக் கொடுத்திருக்காங்கன்னு. அந்தப் பொங்கலுக்கு நம்ம வீட்டுல அப்பா வச்ச பொங்கல் ஞாபகம் இருக்கா? அடிப்பிடிச்சு, நீ தொட்டுப் பார்த்துட்டு அழுதியே, அதுக்குக் காரணம் இதுதான்.

அப்பாவைப் பத்திச் சொல்லணும்ல. உன்னை விட்டுட்டு நான் ஒரு நாள் முழுக்க வெளியே போனதில்லை. அப்பா வேண்டாம்னு சொல்லலை. அவரு எப்பவும் வேண்டாம்னு சொல்ல மாட்டாரு. "போறதுன்னா போ, குழந்தைதான் ஏங்கிப் போகும்"னு சொல்லிட்டு பேப்பருக்குள்ள தலையை விட்டுக்குவாரு. நான் அக்காகிட்டப் போய், நான் வரலைக்கான்னேன். ஏன்னு கேட்கலை. நேரா அப்பா ஆபீசுக்குப் போனைப் போட்டாங்க. நான் பக்கத்து சீட்டுல உட்கார்ந்திருக்கேன். "உங்களுக்குச் சோறு வடிக்கத் தெரியுமா, தெரியாதா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க." அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ தெரியாது. "அப்போ சரி"ன்னு வச்சுட்டாங்க. அப்பா இன்னிக்கு வரைக்கும் அந்தப் போனைப் பத்தி வாயைத் திறந்ததில்லை. நீ கேட்டுப் பாரேன்.

விடியக்காலைப் பாசஞ்சர். அப்போ மீட்டர் கேஜ்தான், பெட்டி குறுகலா ஆடிக்கிட்டே போகும். ஆளுக்கு ஒண்ணா புளியோதரை, எலுமிச்சை சாதம், தயிர் சாதம்னு அக்காதான் பிரிச்சுக் கொடுத்திருந்தாங்க. எனக்கு வந்தது மோர் மிளகாயும் கூழ் வடகமும். "உன் கைக்குப் புளியோதரை வராது"ன்னு எல்லார் முன்னாடியும் சொன்னாங்க. அது உண்மைதான்னு வை. ஆனா அப்படிச் சொல்லணுமா?

ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் தலை எண்ணுவாங்க. பேரைச் சொல்லிக் கூப்பிடறதில்லை. எங்களுக்கு போர்டுல ஆளுக்கு ஒரு நம்பர் உண்டு, அதையே வரிசையா நாங்க சொல்லணும். "ஒண்ணு", "ரெண்டு"ன்னு ஆரம்பிச்சுப் பதினாலுல முடியும். நான் ஒன்பது. மானாமதுரையில பானை விக்கிறவங்ககிட்ட பேரம் பேசிக்கிட்டிருந்த ஆறாம் நம்பர் குரல் கொடுக்கலைன்னு, வண்டி கிளம்புற நேரத்துல பிளாட்பாரத்துல இறங்கி நின்னாங்க பாரு, கார்டு விசிலை வாயில வச்சுக்கிட்டே முழிக்கிறாரு. பரமக்குடி, ராமநாதபுரம், உச்சிப்புளின்னு ஊருக்கு ஊரு இந்தக் கூத்துதான். கூட வந்த பயணிங்களும் ரெண்டு மூணு ஸ்டேஷனுக்கு அப்புறம் எங்ககூடச் சேர்ந்து எண்ண ஆரம்பிச்சுட்டாங்க.

மண்டபம் தாண்டி வண்டி மெதுவாச்சு. பாம்பன் பாலம் வருதுன்னு எல்லாரும் ஜன்னலுக்கு ஓடினோம். அந்தப் பழைய பாலத்துல போனவங்களுக்குத்தான் அது தெரியும். பக்கத்துல கைப்பிடிச் சுவர் கிடையாது, கீழே தளம் கிடையாது. ஜன்னல் வழியா குனிஞ்சு பார்த்தா நேரா கடல். வண்டி ஆமை மாதிரி ஊருது. ரெண்டு கிலோமீட்டருக்கும் நாங்க மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு, கையில இருந்த சில்லறையைக் கடல்ல போட்டுக் கும்பிட்டோம். அக்கா மட்டும் கும்பிடலை. முந்தானையை இடுப்புல செருகிக்கிட்டு வாசல் பக்கத்துல நின்னாங்க. "1914-ல கட்டினது. புயல்ல இதோட நூத்திச் சொச்சம் கர்டர் அடிச்சுட்டுப் போயிருச்சு. நடுவுல கப்பலுக்குத் தூக்கிற பாகம் மட்டும் தப்பிச்சுது. மீனவங்க கடலுக்குள்ள கிடந்த கர்டரைக் கண்டுபிடிச்சுச் சொல்ல, எடுத்து மாட்டி 46 நாள்ல வண்டி விட்டுட்டாங்க"ன்னு யாரும் கேட்காமலே சொன்னாங்க. இதெல்லாம் இவங்களுக்கு எப்படித் தெரியும்னு எனக்கு அப்போ தோணலை. அந்த 46 நாள் வேலையை நின்னு பார்த்தவர்தான் பின்னாடி டெல்லி மெட்ரோ கட்டின ஸ்ரீதரன்னு ரொம்ப வருஷம் கழிச்சுப் பேப்பர்ல படிச்சேன்.

ராமேஸ்வரத்துல இறங்கினதும் சண்டை ஆரம்பிச்சுது.

எங்க மூணாம் நம்பர் அக்கா, உனக்குத் தெரியுமே, வீட்டுக்கு வந்தா உனக்குக் கடலைமிட்டாய் கொண்டு வருவாங்களே, அவங்க மகளுக்கு ஜாதகத்துல ஏதோ தோஷம், ரெண்டு வருஷமா வரன் அமையலை. இருபத்தி ரெண்டு தீர்த்தமும் ஆடிட்டு வரணும்னு வேண்டிக்கிட்டு, அதுக்காகவே வந்திருந்தாங்க. நாங்களும் அப்படித்தான் நினைச்சோம். முதல்ல அக்னி தீர்த்தம், அப்புறம் கோயிலுக்குள்ள இருபத்தி ரெண்டு கிணறு, அப்புறம் தரிசனம், சாப்பாடு. அக்கா, "முதல்ல தனுஷ்கோடி"ன்னாங்க. அங்கே என்னக்கா இருக்கு, இடிஞ்ச ஊருன்னோம். உடனே அக்கா சாஸ்திரத்தை எடுத்தாங்க. சேதுவுல முழுக்குப் போடாம ராமேஸ்வரத்துல தீர்த்தமாடினா பலனே கிடையாதாம், காசிக்குப் போறவங்ககூட அங்கே வந்துதான் முடிக்கணுமாம். பாப்பா, அக்கா வீட்டுல ஒரு சாமி படம்கூடக் கிடையாது. வெள்ளிக்கிழமை நாங்க பூ வச்சுக்கிட்டு வந்தாலே "போர்டுக்குப் பூச்சி வரும்"னு திட்டறவங்க. அவங்க வாயில சேது ஸ்நானம்! ஆனா மூணாம் நம்பர் பயந்துட்டாங்க. பலன் இல்லாமப் போயிடுமோன்னு, "சரி, அங்கேயே முதல்ல போயிடலாம்"னாங்க. ஆட்டம் முடிஞ்சுது.

முகுந்தராயர் சத்திரம் வரைக்கும் டவுன் பஸ். அதுக்கு மேல அப்போ ரோடு கிடையாது, இப்போ போட்டிருக்கிற ரோடெல்லாம் 2017-ல வந்தது. மீன் ஏத்துற மினி லாரி ஒண்ணை அக்கா பேசி முடிச்சாங்க. பதினாலு பொம்பளைங்க, பட்டுச் சேலை ரெண்டு பேரு, பின்னாடி கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறோம். காலடியில மீன் செதில். மணல்லயும் தண்ணியிலயும் லாரி குதிச்சுக் குதிச்சுப் போகுது. ஒரு பக்கம் பெண் கடல், ஒரு பக்கம் ஆண் கடல்னு டிரைவர் கத்திச் சொல்லிக்கிட்டே வந்தாரு. எங்களுக்கு ரெண்டும் ஒரே மாதிரி மிரட்டிக்கிட்டுதான் இருந்துச்சு.

நான் அங்கே பார்த்ததை உனக்கு எப்படிச் சொல்றது. கூரை இல்லாத சர்ச், சுவர் மட்டும் நிக்கிற தபால் ஆபீஸ், தண்ணித் தொட்டி, ஸ்டேஷன். ஒரு காலத்துல எழும்பூர்ல டிக்கெட் எடுத்தா கொழும்பு வரைக்கும் அந்த ஒரே டிக்கெட்தான். போட் மெயில் இந்த ஊருக்கு வரும், இங்கேருந்து கப்பல் தலைமன்னாருக்குப் போகும். அந்த ஊரு மணலுக்குள்ள முழங்கால் வரைக்கும் புதைஞ்சு நின்னுச்சு. ஓலைக் குடிசையில நாலஞ்சு மீனவக் குடும்பம் இருந்தாங்க. குடிக்கத் தண்ணி கேட்டோம். ஒரு பொம்பளை எங்க கண்ணு முன்னாடியே மணலைக் கையால தோண்டினா. ஒரு முழ ஆழம்கூட இருக்காது. ஊறின தண்ணியைக் கொட்டாங்குச்சியில மொண்டு கொடுத்தா. ரெண்டு பக்கமும் உப்புக் கடல், நடுவுல அந்தத் தண்ணி அப்படி இனிச்சுது. நான் மூணு கொட்டாங்குச்சி குடிச்சேன். அந்த ருசி இன்னும் நாக்குல இருக்கு.

எல்லாரும் கடல்ல முழுக்குப் போட்டுட்டு, சங்கு மாலை வாங்கிக்கிட்டு, மணி ரெண்டுக்கெல்லாம் கிளம்பத் தயார். அக்காவைக் காணோம். தேடிப் போனா, மணல்ல பாதி புதைஞ்ச தண்டவாளத்துப் பக்கத்துல நிக்கிறாங்க. சும்மா நிக்கிறாங்க. டிரைவர் தண்ணி ஏறுதுன்னு ஹாரன் அடிக்கிறாரு. "பத்து நிமிஷம்"னாங்க. பத்து இருபதாச்சு. நாப்பதாச்சு. மூணாம் நம்பர் வெயில்ல ஈரச் சேலையோட என்னைப் பார்க்கிறாங்க. எனக்கு எங்கேருந்து அவ்வளவு கோவம் வந்துச்சோ தெரியலை. வேலைக்குச் சேர்ந்து பதினாறு வருஷத்துல நான் அக்காவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினதில்லை. நேரா போய், "உங்க ஒருத்திக்காக நாங்க பதிமூணு பேரு காயணுமா? தேதி உங்க இஷ்டம், இடம் உங்க இஷ்டம், இப்போ நேரமும் உங்க இஷ்டமா? உங்க அதிகாரத்துக்கு இது என்ன போர்டா?"ன்னு கேட்டேன். கத்தினேன்னே வை. கடல் சத்தத்துல பாதி காதுல விழுந்திருக்காது.

அக்கா பதில் பேசலை. குனிஞ்சு மணலைக் கிளறி ஒண்ணை எடுத்தாங்க. தந்திக் கம்பத்து உச்சியில இருக்குமே, வெள்ளைப் பீங்கான் குமிழ், கம்பியைச் சுத்துற இன்சுலேட்டர். ஓரத்துல கொஞ்சம் உடைஞ்சிருந்துச்சு. முந்தானையில மணலைத் துடைச்சு, அப்படியே முடிஞ்சுக்கிட்டு லாரிக்கு நடந்தாங்க. "டிபார்ட்மெண்ட் சொத்தைத் திருடுறாங்கப்பா"ன்னு யாரோ சொல்ல, எல்லாரும் சிரிச்சாங்க. நான் சிரிக்கலை.

திரும்பி வர்ற வழியில லாரி மணல்ல மாட்டிக்கிச்சு. பட்டுச் சேலைக்காரங்க உள்பட எல்லாரும் இறங்கித் தள்ளினோம். அக்காதான் "ஏலேலோ" போட்டாங்க, அதையும் அதிகாரமாத்தான். கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தப்போ இருட்டுக் கட்டிருச்சு. தீர்த்தம் இறைக்கிறவங்க வாளியைக் கவுத்து வச்சுட்டுப் போயாச்சு. ஆயிரத்தி இருநூறு தூணு இருக்கிற அந்தப் பிரகாரத்துல பதினாலு பேரும் ஒருத்தர்கூட ஒருத்தர் பேசாம நடந்து தரிசனம் பண்ணிட்டு வந்தோம். மூணாம் நம்பர் ஒரு தூணைப் பிடிச்சுக்கிட்டு நின்னு அழுதாங்க. மறுநாள் காலை ஆறு மணி டூட்டி பாதிப் பேருக்கு. தங்கவும் வழியில்லை.

ராத்திரி பஸ்ல அக்கா எழுந்து நின்னு தலை எண்ணினாங்க. ஒண்ணு. ரெண்டு. அதோட நின்னுருச்சு. மூணாம் நம்பர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. அக்கா மறுபடியும் முதல்லேருந்து ஆரம்பிச்சாங்க. ஒண்ணு. ரெண்டு. கண்டக்டர் "போலாமாம்மா?"ன்றாரு. "எண்ணி முடிக்கலை"ன்றாங்க. ஆளு கண்ணு முன்னாடிதான் உட்கார்ந்திருக்கு, இருந்தாலும் சத்தம் வரணும். மூணாவது தடவை நான் பொறுக்க முடியாம "மூணு"ன்னேன். அக்கா என்னைப் பார்த்தாங்க. அப்புறம் நாலு, அஞ்சுன்னு போச்சு. ஒன்பது வந்தப்போ நான் வாயைத் திறக்கலை. அதை மட்டும் அவங்களே சொல்லிட்டு உட்கார்ந்துட்டாங்க.

ஆறு மாசம் நான் அவங்ககூட வேலை தவிர எதுவும் பேசலை. அடுத்த மாசி மாசம் அக்கா லீவு போட்டு, தன் செலவுல மூணாம் நம்பரை மட்டும் ராமேஸ்வரம் கூட்டிட்டுப் போய், இருபத்தி ரெண்டு கிணத்துத் தண்ணியையும் ஊத்த வச்சு கூட்டிட்டு வந்தாங்க. மன்னிப்பும் கேட்கலையாம், பேச்சும் கொடுக்கலையாம். "வாளிக்காரன்கிட்ட முழு வாளி ஊத்துன்னு சண்டை மட்டும் போட்டாங்க"ன்னு மூணாம் நம்பர்தான் எனக்குச் சொன்னாங்க. அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் நடந்துச்சு. தீர்த்தத்தாலயா, தரகர் மாத்தினதாலயா, அது எனக்குத் தெரியாது. கல்யாணத்துல சமையல்கட்டு முழுக்க அக்கா கையில. சமையல்காரர் பாவம்.

ஆனா நான் மனசுக்குள்ள அதை விடலை. அவ்வளவு அழுத்தம் எதுக்குன்னு பத்து வருஷம் உறுத்திக்கிட்டே இருந்துச்சு.

2004-ல அக்கா ரிட்டயர் ஆனாங்க. அதுக்குள்ள ட்ரங்க் போர்டெல்லாம் காலம் போயி, எங்களை வேற வேற செக்‌ஷன்ல போட்டிருந்தாங்க. மாலை, சால்வை, காராபூந்தி, கேக் எல்லாம் முடிஞ்சு, லாக்கரைக் காலி பண்ண நான் கூடப் போனேன். ஒரு பழைய ஹெட்செட், ஒரு சில்வர் டம்ளர், பவுடர் டப்பா. எடுத்துப் பையில போட்டுக்கிட்டே, தலையை நிமிராம சொன்னாங்க.

"64 டிசம்பர் 23. நான் வேலைக்கு வந்து எட்டு மாசம். காலை டூட்டி. ராமேஸ்வரம் லைன் செத்துக் கிடந்துச்சு. மழைக் காலத்துல அப்படி ஆகுறதுதான். ஆறேகாலுக்கு ஒருத்தர் கால் புக் பண்ணாரு. பையன் முந்தின நாள் அந்தப் பக்கம் போயிருக்கான், ராத்திரி பாம்பன்லேருந்து தனுஷ்கோடி வண்டி ஏறியிருப்பான், போய்ச் சேர்ந்தானான்னு ராமேஸ்வரத்துல ஒரு தெரிஞ்சவர்கிட்டக் கேட்கணும்னாரு. லைன் இல்லை சார்னேன். அர்ஜென்ட் ஆக்குன்னாரு. ஆக்கினேன். ஏழரைக்கு மறுபடி வந்தாரு. லைட்னிங் போடும்மா, எவ்வளவு ஆனாலும் பரவாயில்லைன்னாரு. நானும் புதுசு. டிக்கெட்டுல அடிச்சுட்டு லைட்னிங்னு எழுதினேன். லைனே இல்லாத ஊருக்கு. அரை மணிக்கு ஒரு தடவை கூப்பிட்டு, 'கிடைச்சுதாம்மா?'ம்பாரு. இன்னும் இல்லை சார்ம்பேன். ஒரு தடவைகூடக் குரலை உசத்தலை. டூட்டி முடிஞ்சதும் டிக்கெட்டை அடுத்தவகிட்டக் கொடுத்துட்டுச் சாப்பிடப் போனேன். நல்லா சாப்பிட்டேன். எங்களுக்கு எதுவுமே தெரியாது, பாரு."

தெரிஞ்சப்போ ஊருக்கே தெரிஞ்சுது. 22-ந்தேதி நடுராத்திரி அடிச்ச புயல்ல, தனுஷ்கோடிக்குக் கிட்ட வந்த பாசஞ்சர் வண்டியைக் கடல் அப்படியே வாரிக்கிட்டுப் போயிருச்சு. நூறு பேருக்கு மேல இருந்தாங்க. சுற்றுலா வந்த பிள்ளைங்களும் அதுல. ஒருத்தரும் பிழைக்கலை.

"அவரு பையன் அந்த வண்டியிலதான் இருந்தானாக்கா?"ன்னு கேட்டேன்.

"தெரியாது. அடுத்த நாள் அந்த நம்பர்லேருந்து கால் வரலை."

முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல, தேதிக்கும் இடத்துக்கும் இதுதான் காரணம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அப்படிக் கத்தியிருப்பேனான்னு கேட்டேன். லாக்கரைப் பூட்டிச் சாவியை என் கையில வச்சாங்க. "சொல்லியிருந்தா பதிமூணு பேரும் சேர்ந்து அழுதிருப்பீங்க. அப்புறம் லாரியை யாரு தள்ளுறது?"ன்னாங்க.

அன்னிக்கு வீட்டுக்கு வந்து ராத்திரி முழுக்க ஒண்ணு மட்டும் ஓடிக்கிட்டே இருந்துச்சு. 25 வருஷமா நாங்க அவங்களை என்னன்னு கூப்பிட்டுக்கிட்டிருந்தோம். "லைட்னிங், டீ வந்துருச்சு." "லைட்னிங், சூப்பர்வைசர் கூப்பிடுறாரு."

அவங்க வீட்டு டி.வி. மேல ஒரு வெள்ளைப் பீங்கான் குமிழ் இருக்கும். நீ சின்னதுல அதுக்குள்ள சோப்புத் தண்ணி ஊத்தி விளையாடுவே, அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. மத்ததையெல்லாம் தொட்டாலே கையில அடி விழும். இதுக்கு மட்டும் ஏன் விடறாங்கன்னு நான் நினைச்சிருக்கேன். இப்போ ஊதுபத்தி செருகி வச்சிருக்காங்க. சாமி படம் இன்னும் கிடையாது.

உன் ஆபீஸ் பொண்ணுக்கும் இப்படி ஒரு கதை இருக்கும்னு சொல்றதுக்காக இதை எழுதலை. அவ சும்மாவே அதிகாரம் பண்றவளாவும் இருக்கலாம். அப்படி நிறைய பேரு இருக்காங்க, நானே பார்த்திருக்கேன். போறதும் போகாததும் உன் இஷ்டம். அக்கா பண்ணதும் சரின்னு நான் இன்னிக்கும் சொல்ல மாட்டேன். மூணாம் நம்பர் அந்தத் தூணைப் பிடிச்சுக்கிட்டு நின்னது கண்ணை விட்டுப் போகலை.

இப்போ நான் எழுத வந்த விஷயம் ஒண்ணு இருக்கு. பாம்பன்ல புதுப் பாலம் வந்திருக்குல்ல. பழைய பாலத்துல 2022 டிசம்பர்லேயே வண்டி நின்னு போச்சு, 2025 ஏப்ரல்லதான் புதுசைத் திறந்தாங்க. கப்பல் வந்தா நடுப்பாகம் அப்படியே லிஃப்ட் மாதிரி மேலே போகுமாம். அக்காவுக்கு 81 வயசு, முட்டி ரெண்டும் போச்சு. புதுப் பாலத்துல போகணும்னு பிடிச்சாங்க. நல்லதா ஒரு ஜனவரியில போகலாம்க்கான்னேன். "டிசம்பர் 23"ன்னாங்க. நான் இந்தத் தடவை மறுபேச்சுப் பேசலை.

பதினாலு பேர்ல அஞ்சு பேர் இப்போ இல்லை. மூணாம் நம்பரும் கொரோனா வருஷத்துல போய்ச் சேர்ந்துட்டாங்க. மிச்ச ஒன்பது பேர்ல நடக்க முடிஞ்சவங்க ஆறு. அக்கா நோட்டுப் பேப்பர்ல கட்டம் போட்டுட்டாங்க. அதுல உன் பேரும் இருக்கு. உன் ஃப்ளைட் 24-ந்தேதிதான் மதுரைக்கு வருதுன்னு சொன்னேன். "மாத்தச் சொல்லு"ன்னாங்க. டிக்கெட் மாத்தினா எக்கச்சக்கமா காசு ஆகும்க்கான்னேன். "எத்தனை மடங்கு?"ன்னு கேட்டாங்க. எனக்குப் பதில் வரலை.

முடியாதுன்னா நீயே போன் போட்டுச் சொல்லிடு, நான் சொல்ல மாட்டேன். காலையில பத்து மணிக்கு மேல பண்ணு, அதுக்கு முன்னாடி பேப்பர் படிப்பாங்க. எடுத்ததும் ஹலோன்னு இழுக்காதே, பிடிக்காது. வர்றதா இருந்தா "மூணு"ன்னு மட்டும் சொல்லு. உனக்கு அந்த நம்பர்தான் போட்டிருக்காங்க.

அன்புடன்,
அம்மா